ஆளொழிந்த வீடுகளும் அண்டை வீட்டாரும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசிச் சீமையின் முகமே மாறிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து வரும் காற்று, மேற்கு மலையில் கொட்டிய மழையின் மிச்சத்தைத் தூவானமாக நம் ஊர்களின்மேல் தெளித்துச் செல்கிறது. குற்றாலத்தில் அருவி விழுகிறது. சிற்றாற்றில் புதுநீர் ஓடுகிறது. கார் நெல்லுக்கு நாற்றங்கால் தயாராகிறது. சாரலைக் கண்டு மகிழாத உழவர் இல்லை. எனினும் அதே சாரலை அச்சத்தோடு எதிர்நோக்கும் குடும்பங்களும் நம் ஊர்களில் உண்டு. ஆளொழிந்து கிடக்கும் வீட்டிற்கு அடுத்த வீட்டில் குடியிருப்போரே அவர்கள்.

இலஞ்சி, ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம், பண்பொழி, கீழப்பாவூர் போன்ற பழைய ஊர்களின் தெருக்களில் நடந்து செல்வோர் அத்தகைய வீடுகளைக் காணாமல் திரும்புவது அரிது. துருவேறிய பூட்டு, திண்ணையில் முளைத்த குப்பைமேனி, ஓடு சரிந்த இடத்தில் வானம் தெரியும் முற்றம், சுவரின் வெடிப்பில் வேர்விட்டு நிற்கும் அரசங்கன்று. “இந்த வீடு யாருடையது, அண்ணாச்சி?” என்று எதிர்த்திண்ணையில் இருப்பவரைக் கேட்டால், “பம்பாய்க்காரர் வீடு” என்பார். அவர் பெயர் என்ன, இப்பொழுது இருக்கிறாரா, மக்கள் எங்கே என்று மேலும் கேட்டால் விடை வருவதில்லை. கோர்ட்டில் வழக்கு நடக்கிறது என்பார் ஒருவர். சுவரில் புதையல் இருக்கிறது, அதை நல்லபாம்பு காக்கிறது என்பார் இன்னொருவர். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பவரும் உண்டு. பேயைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. பாம்பைப் பற்றிச் சொல்லலாம்: ஆளில்லா வீட்டில் எலி பெருகும், எலியைத் தேடி நாகமும் விரியனும் வரும், அவற்றிற்குப் புதையலில் நாட்டமில்லை.

இவ்வீடுகள் ஏன் இவ்வாறு கிடக்கின்றன, அவை யாருக்கு உரியவை, அண்டை வீட்டாரும் ஊராட்சி மன்றமும் என்ன செய்ய இயலும் என்பனவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முற்படுகிறோம்.

குடும்பங்கள் ஊரை விட்டகன்ற வரலாறு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலக் கல்வி கற்ற இளைஞர் சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் உத்தியோகம் நாடிச் சென்றனர். அக்கிரகாரங்களில் முதலில் பூட்டுத் தொங்கியதற்கு இதுவே காரணம். ஆயினும் நிலத்தின் குத்தகை வரும்வரை ஆண்டுக்கு இருமுறையேனும் அவர்கள் வந்து சென்றனர். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம், 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் ஆகியவற்றிற்குப் பின்னர், தாமே உழாத நிலவுடைமையாளருக்கும் ஊருக்கும் இருந்த பிடிப்புத் தளர்ந்தது. உழுதவனுக்கு அச்சட்டங்கள் நன்மையே செய்தன. நிலத்தை விற்றுச் சென்றவரின் வீடு மட்டும் தெருவில் நின்றுவிட்டது.

பிறகு மற்றத் தெருக்களிலும் பூட்டுகள் தொங்கலாயின. மளிகை வியாபாரத்தின் பொருட்டுச் சென்னைக்கும் மும்பைக்கும் சென்றோர், 1970-களுக்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர், மலைக்கு அப்பால் கேரளத்தில் தொழில் நடத்துவோர், பிள்ளைகளின் படிப்புக்காகத் திருநெல்வேலியிலோ தென்காசியிலோ குடியேறியோர் எனப் பட்டியல் நீளும். கிழக்கே கரிசல் பகுதியில் வேறொரு காரணமும் உண்டு, அது தண்ணீர்.

நமக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்தில், திருவைகுண்டம் வட்டத்தில், செக்காரக்குடிக்கு அருகே மீனாட்சிபுரம் என்றோர் ஊர் உள்ளது. குடிநீர்த் தட்டுப்பாட்டினாலும் மழை பொய்த்ததாலும் அவ்வூர்க் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. இறுதியில் முதியவர் ஒருவர் மட்டும், என்றேனும் ஊரார் திரும்பி வருவர் என்ற நம்பிக்கையோடு பல ஆண்டுகள் தனியே வாழ்ந்து வந்தார். 2024-ஆம் ஆண்டு மே மாதம் அவரும் காலமானார். ஓர் ஊர் முழுவதுமே ஆளொழிந்த செய்தி அப்பொழுது நாளிதழ்களில் வந்து பலரையும் வருத்தமுறச் செய்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது இயற்கையின் சீற்றத்தால் ஓரிரவில் நிகழ்ந்தது. மீனாட்சிபுரமோ, பூட்டுப் பூட்டாக, ஆண்டுக்கணக்கில் காலியாயிற்று. பின்னதைத் தடுக்கக் காலம் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியா முழுவதற்கும் கணக்கெடுத்தால் நிலைமை எவ்வாறுள்ளது? 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த சுமார் 33 கோடிக் கட்டடங்களில் ஏறத்தாழ 2½ கோடி காலியாக இருந்தன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கெடுப்பாளர் வரும்போது உரியவர் வெளியூர் சென்றிருந்து வீடு பூட்டிக் கிடந்தால் அது ‘பூட்டிய வீடு’. ஒருவருமே குடியிராமல், வேறெதற்கும் பயன்படாமல் இருந்தால்தான் ‘காலி வீடு’. நம் தெருவில் அண்டை வீட்டார்க்குத் தொல்லை தருவது இரண்டாம் வகையே.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளக் குற்றாலத்தைவிடத் தக்க இடம் வேறில்லை. அங்கே திருவிதாங்கூர் மன்னர் கட்டிய மாளிகையும், ஜமீன்தார்களும் செல்வர்களும் சாரல் காலத்திற்கென எழுப்பிய பங்களாக்களும் உள்ளன. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் கலகலப்பாகவும் மற்ற மாதங்களில் அமைதியாகவும் இருப்பதற்கென்றே கட்டப்பட்ட வீடுகள் அவை. அவற்றில் காவலாள் வைத்து, வாரம் ஒருமுறை கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, ஆனிக்கு முன்பு ஓடு மாற்றிய வீடுகள் நூறாண்டு கடந்தும் நிற்கின்றன. அவ்வாறு செய்யாதவை, பின்னாளில் கட்டப்பட்டவையாயினும், பாசி படர்ந்து இடிந்து கிடக்கின்றன. வீடு ஆள் இல்லாததால் மட்டும் அழிவதில்லை. கவனிப்பார் இல்லாததாலேயே அழிகிறது.

அழியும் முறையும் அறியத்தக்கது. மேல்காற்றில் முதலில் ஒரே ஓர் ஓடு நகரும். குடியிருப்பவராயின் அன்றே ஏணி வைத்து அதைச் சரிசெய்துவிடுவர். ஆளில்லா வீட்டில் அந்த ஓட்டைவழி நீர் இறங்கிக் கைமரத்தை நனைக்கும். நனைந்த மரத்தைக் கரையான் நாடும். அடுப்பெரிந்து புகை பரவும் வீட்டின் கூரையில் பூச்சி அண்டுவது குறைவு என்பதை நம் பாட்டிமார் அறிவர். அடுப்பு அணைந்த வீட்டிற்கு அந்தக் காவலும் இல்லை. இரண்டு மூன்று மழைக்காலங்களில் கைமரம் முறிந்து, கூரை உள்ளே சரியும். பிறகு மண்சுவரின் தலை வெறுமையாகிவிடும். சுண்ணாம்புப் பூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சுவரின் தலையில் நீர் இறங்கினால் உள்ளிருக்கும் மண் கரைந்தே தீரும். நமது வட்டாரத்திலோ தென்மேற்குப் பருவத்தின் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவ மழையும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை நனையும் சுவருக்கு உலர நேரம் கிடைப்பதில்லை.

இனி அண்டை வீட்டாரின் நிலைக்கு வருவோம். நமது பழைய தெருக்களில் வீடுகள் தனித்தனியே நிற்பன அல்ல. ஒரு வீட்டின் சுவரே மறு வீட்டிற்கும் சுவர்; உத்திரங்கள் இருபுறமும் அதன்மேல் ஏறியிருக்கும். ஆகவே பம்பாய்க்காரர் வீட்டுச் சுவர் ஊறினால், அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கு ஆபத்து. மழையில் ஊறிய சுவர் என்ன செய்யும் என்பதை 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் கண்டோம். அங்கே சுற்றுச்சுவர் ஒன்று விடியற்காலையில் ஓட்டு வீடுகளின்மேல் சாய்ந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அது ஆளொழிந்த வீட்டின் சுவரன்று. எனினும் ஒருவர் சுவரால் மற்றொருவர் உயிர் போகலாம் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டுவதில்லை.

சுவருக்கு அடுத்தபடி கொசு. 2012-ஆம் ஆண்டு கடையநல்லூரிலும் சுற்றுப்புறங்களிலும் டெங்குக் காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதன்று. தெளிந்த நீர் தேங்கும் உரல், உடைந்த பானை, மூடாத தொட்டி, தென்னஞ்சிரட்டை ஆகியவற்றிலே முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகச் சற்றேறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆகும். அதன் முட்டை ஈரமின்றிப் பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வீடுவீடாகச் சென்று தொட்டியைக் கவிழ்க்கும் சுகாதாரப் பணியாளர் பூட்டிய வீட்டின் வாயிலில் திரும்பிவிடுகிறார். தெருவில் முப்பது வீடுகள் துப்புரவாக இருந்து ஒரு வீட்டுக் கொல்லையில் ஆட்டுரல் நிறைய நீர் நின்றாலும் முப்பது வீட்டாரின் உழைப்பும் வீணாகும். அக்கொசு அதிக தூரம் பறப்பதில்லை என்பதால் முதலில் கடிபடுவோர் அண்டை வீட்டாரே.

கொல்லைக் கிணறுகளைப் பற்றியும் ஒரு சொல். கைப்பிடிச்சுவர் இடிந்து, மேலே கொடி படர்ந்த கிணறு இருப்பது பெரியவர்க்கே தெரியாது. பந்தைத் தேடிச் செல்லும் பிள்ளைக்கு எவ்வாறு தெரியும்? மற்ற எதற்குக் காலம் எடுத்தாலும் இதற்கு ஒரு நாளும் தாமதம் கூடாது.

யாருடைய வீடு?

உரியவரைக் கண்டுபிடித்துச் செப்பனிடச் சொல்லலாமே எனத் தோன்றும். அங்கேதான் சிக்கல் எழுகிறது. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 3 சென்ட் மனையில் தாம் சம்பாதித்துக் கட்டிய வீட்டை, உயில் எழுதாமல் விட்டு ஒருவர் காலமானார் என்று கொள்வோம். அவருக்கு முன்பே மனைவியும் இறந்துவிட்டார். மக்கள் நான்கு ஆண், இரண்டு பெண். ஆறு பேருக்கும் சம பங்கு. அவ்வறுவரும் காலப்போக்கில் மறைந்து, ஒவ்வொருவருக்கும் மும்மூன்று வாரிசுகள் இருப்பின், இன்று பங்குதாரர் 18 பேர். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் 1,306.8 சதுர அடி. அதனைப் பதினெட்டால் வகுத்தால் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 73 சதுர அடி. எட்டரை அடி நீளம், எட்டரை அடி அகலம். மும்பையிலோ துபாயிலோ இருப்பவர் இந்த எட்டரை அடிக்காக ரயிலேறி வந்து, கொத்தனாரைத் தேடி, மற்றப் பதினேழு பேரிடமும் செலவைப் பங்கு கேட்பாரா? கேட்பதில்லை. விற்கலாமென்றாலோ பதினெட்டுக் கையெழுத்தும் வேண்டும். பதினேழு கிடைத்துப் பதினெட்டாவது கிடைக்காமையால் இடிந்து விழும் வீடுகள் பல. ஆகவே வீட்டுக்கு உரியவர் இல்லை என்று ஊரார் நினைப்பது பெரும்பாலும் தவறு. உரியவர் மிகுந்து போனதே அந்த வீட்டின் நோய்.

பெண்மக்களின் பங்கைக் குறித்து இன்றும் ஐயம் நிலவுவதால் சிறிது கூற வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயிலின்றி விட்டுச்சென்ற தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. ஆனால் குடும்பம் வாழும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் தாமே பிரித்துக்கொள்ள முற்படும்வரை பெண்கள் பாகம் கேட்கலாகாது என்று அதன் 23-ஆம் பிரிவு தடுத்தது. அப்பிரிவு 2005-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் பங்காளியாக்கிய சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லேயே நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆகவே, “அத்தைமார்க்கு இதில் என்ன இருக்கிறது?” என்று சொல்லி அண்ணன் தம்பியர் மட்டும் எழுதி முடிக்கும் பத்திரம் பின்னாளில் வழக்கிற்கு வித்தாகிறது. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களின் பங்கு முறை அவரவர்க்குரிய சட்டப்படி வேறுபடும். பங்கு பெருகும் கதை மட்டும் எல்லோர்க்கும் ஒன்றே.

பங்காளிகள் ஒத்துவரின் வழிகள் எளியவை. ஒருவர் பெயருக்கு மற்றவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் கையெழுத்திட்டு அனுப்பலாம். குடும்பத்தாருக்குள் எழுதப்படும் பாகப்பிரிவினை, விடுதலை ஆவணங்களின் முத்திரைத் தீர்வைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருப்பதால், கிரயப் பத்திரத்தைப் போலச் செலவு ஏறுவதில்லை. ஒத்துவராவிடில் நீதிமன்றமே கதி. அங்கும் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: பிரித்தால் பயன்படாத சொத்தை, பாதிப் பங்குக்குக் குறையாமல் உடையவர் வேண்டினால், விற்றுப் பணமாகப் பங்கிட நீதிமன்றம் ஆணையிடலாம். குடும்ப வீட்டின் ஒரு பங்கை அந்நியர் ஒருவர் வாங்கிக்கொண்டு பாகம் கேட்டால், குடும்பத்தார் அப்பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

அண்டை வீட்டார் உரியவரைத் தேடுவது எவ்வாறு? முதலில் ஊராட்சி அலுவலகத்திலுள்ள வீட்டுவரிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கடைசியாக வரி கட்டியவர் யார் என்பது அதில் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள நத்தம் கணக்கில் பட்டாதாரர் பெயர் இருக்கும்; பெரும்பாலும் அது இறந்துபோன பாட்டனாரின் பெயராகவே இருக்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றால், விற்பனை, அடமானம், பதிவான பாகப்பிரிவினை ஆகியவை வெளிப்படும். வாரிசாக இறங்கிய உரிமையும், பதிவு செய்யாத உயிலும் அதில் வாரா. ‘வில்லங்கமில்லை’ என்ற சொல்லைக் கண்டு, உரியவரே இல்லை எனக் கொள்ளுதல் தவறு. இவையெல்லாம் பயன்படாதபோது நமது ஊர்களில் ஒருபோதும் தவறாத இடம் ஒன்றுண்டு: குலதெய்வக் கோயில். பங்குனி உத்திரத்திற்குச் சாஸ்தா கோயிலுக்கு வராத குடும்பம் திருநெல்வேலிச் சீமையில் குறைவு. மூன்று தலைமுறையாக வீட்டை எட்டிப் பாராதவரும் சாஸ்தாவை எட்டிப் பார்க்கிறார். கோயில் வரிக் குறிப்பேட்டில் அவருடைய தொலைபேசி எண் இருக்கும்.

பன்னிரண்டு ஆண்டுக் கதை

இங்கு ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். ‘பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தால் வீடு நமதாகிவிடும்’ என்ற பேச்சு எல்லாத் திண்ணைகளிலும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு என்று ஒரு கணக்கு இருப்பது மெய்யே. ஆனால் அது, உரியவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர் அறியக்கூடிய வகையில், இடையறாது வைத்திருந்ததை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தவருக்கே பொருந்தும். அனுமதியின் பேரில் காவலிருந்தவருக்கும், வாடகைக்கு இருந்தவருக்கும், ஒரு பங்காளி மற்றப் பங்காளிகளுக்கு எதிராகச் சும்மா குடியிருந்ததற்கும் பொருந்தாது. பிறர் வீட்டிற்கு நாமே வரி கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொள்வதாலும் உரிமை வந்துவிடாது.

இந்தப் பேச்சினால் விளைந்த கேடு பெரிது. யாரையாவது குடிவைத்தால் வீடு போய்விடும் என்று அஞ்சியே வெளியூரிலுள்ளோர் வீட்டைப் பூட்டி வைக்கின்றனர். ஊரில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம் ஒழுகும் குடிசையில் இருக்க, பக்கத்துத் தேக்குமரத் தூண் வீடு வௌவாலுக்கு விடப்படுகிறது. எழுத்து மூலமான வாடகை உடன்படிக்கையோ, காவலுக்கு மட்டுமே விடப்பட்டது என்ற கடிதமோ இருப்பின் இவ்வச்சத்திற்கு இடமில்லை. இதனை வெளியூர் அன்பர்களுக்கு எடுத்துச் சொல்லுவது ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்க பணி.

உரியவர் அசையாவிடில் சட்டத்தின் துணையை நாடலாம். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு பெருகும் இடத்தையும் பிறர்க்குத் தீங்கான நிலையிலுள்ள கட்டடத்தையும் சீர்செய்யுமாறு அறிவிப்புக் கொடுக்கவும், செய்யத் தவறினால் தானே செய்து செலவை வசூலிக்கவும் உள்ளாட்சி மன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. விழும் நிலையிலுள்ள சுவருக்கு இதைவிட விரைவான வழி, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவே இவ்வெண்ணில் வந்துள்ளது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்தால், கட்டடத்தை அகற்றவோ, செப்பனிடவோ, முட்டுக்கொடுக்கவோ அவர் உரியவருக்கு ஆணையிடலாம். உரியவரும் தம் பக்கத்தைச் சொல்ல இடமுண்டு. மனுவோடு சுவரின் வெடிப்பைக் காட்டும் படங்கள், தேதி, ஊராட்சித் தலைவரின் கடிதம், முன்னர் அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீது ஆகியவற்றை இணைப்பது நலம். வாய்ப் புகாருக்கு வயது ஒரு நாளே.

தாமாகவே சுவரை இடித்துவிடலாம் என்று இளைஞர்கள் சிலர் முற்படுவதுண்டு. அது கூடாது. இடிப்போர்மேல் வழக்கு வருவதோடு, உத்திரம் பகிரப்பட்ட சுவரை முறையறியாமல் இடித்தால் குடியிருக்கும் வீடே அதனுடன் சாயும்.

பிற நாடுகளும் இத்தொல்லைக்கு விலக்கல்ல. ஜப்பானில் 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 90 இலட்சம் வீடுகள் காலியாக உள்ளன. அந்நாட்டு வீடுகளில் நூற்றுக்குப் பதினான்கு எனலாம். முதியோர் மறைய, இளையோர் நகரத்திலிருக்க, நமது பம்பாய்க்காரர் வீட்டின் கதையே அங்கும். 2015-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் வாயிலாக, ஆபத்தான காலி வீட்டைக் குறித்து ஊராட்சிகள் முதலில் அறிவுரையும், பிறகு ஆணையும் தரலாம். குடியிருப்பு மனைக்குரிய வரிச் சலுகையையும் அத்தகைய வீடு இழக்கும். அதைவிட நாம் கவனிக்க வேண்டியது 2024 ஏப்ரல் முதல் வந்த விதி. வாரிசாகச் சொத்துப் பெற்றவர், அதை அறிந்த மூன்று ஆண்டுக்குள் தம் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். பதினெட்டுப் பங்காளிகள் என்ற நிலை வருமுன்பே கணக்கை நேர்செய்யும் ஏற்பாடு இது. நம் நாட்டில் உத்தரகாண்ட மாநிலத்தின் மலைக் கிராமங்கள் பல காலியானதால், காரணம் ஆராய 2017-ல் தனி ஆணையமே அமைக்கப்பட்டது.

காலி வீட்டிற்கு மறுவாழ்வு உண்டா? செட்டிநாட்டில் சில மாளிகைகள் விடுதிகளாகி விருந்தினரை ஏற்கின்றன. மற்றும் பல பிரிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. நம் வட்டாரத்திலும் மரவிலைக்காகவே வீட்டைக் கேட்டு வரும் வியாபாரிகள் உண்டு. சுந்தரபாண்டியபுரத்தைச் சினிமாக்காரர் நாடி வருவதும், 1992-ல் வந்த ‘ரோஜா’ படத்தின் கதையில் நாயகியின் ஊராக அதன் பெயர் இடம்பெற்றதும் நாம் அறிந்ததே. எனினும் எல்லா வீடும் விடுதியாகவோ படப்பிடிப்புத் தலமாகவோ ஆகிவிட முடியாது. கூரை உறுதியாயிருக்கும் வீட்டைக் குறைந்த வாடகைக்குப் பெற்று, பால் கூட்டுறவுச் சங்கமோ, மகளிர் குழுவின் தையற்கூடமோ, மாலைநேரப் படிப்பகமோ நடத்துவது ஊருக்கு எட்டக்கூடிய காரியம். உரியவருக்குச் செப்பனிடும் செலவு மிச்சம். ஊருக்கு ஓர் இடம்.

விவசாயிகள் எண்ண வேண்டிய செய்தி மற்றொன்று. ஊரின் நடுவே நத்தத்தில் வீடுகள் பாழடைந்து கிடக்க, ஊரின் எல்லையில் குளத்துப் பாசன வயல்கள் மனைகளாகக் கல் நடப்படுவதைத் தென்காசியைச் சுற்றிலும் காண்கிறோம். வாய்க்கால், சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பம் எல்லாம் ஏற்கெனவே உள்ள பழைய தெருவில் பத்து மனை காலியாயிருக்க, நெல் விளையும் பூமியில் புதுத்தெரு அமைத்து, அதற்கும் குழாய் பதிக்க ஊராட்சியே செலவிடுகிறது. பழைய மனைகளின் பத்திரச் சிக்கல் தீர்ந்தால் இவ்வயல்களில் சிலவாவது தப்பும்.

கிராம சபை ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகிறது. அவற்றுள் மே 1-ஆம் நாள் கூட்டம் சாரலுக்கு முன்னும், அக்டோபர் 2-ஆம் நாள் கூட்டம் ஐப்பசி மழைக்கு முன்னும் வருவன. இவ்விரு கூட்டங்களிலும் காலி வீடுகளின் பட்டியலை வாசிக்குமாறு உறுப்பினர்கள் கேட்கலாம். பட்டியலில் வீட்டு எண், கடைசியாக வரி கட்டியவர், வாரிசுகளில் தெரிந்தவர் பெயரும் முகவரியும், சுவரின் நிலை, கொல்லையில் கிணறு உண்டா இல்லையா என்ற ஐந்து கட்டங்கள் போதும். எழுதும் வேலையை அத்தெருக்காரர்களிடமே விடலாம். எதிர்த்திண்ணை அண்ணாச்சிக்குத் தெரியாதது அலுவலகத்திற்குத் தெரியப்போவதில்லை. கிணறு உண்டு என்று எழுதப்பட்ட வீடுகளுக்கு மட்டும் பதில் கடிதம் வரும்வரை காத்திராமல், உரியவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அந்த வாரத்திலேயே கம்பி வலை போட்டு மூடிவிட வேண்டும்.